பயிற்சிக்குப் போய் வந்த பிறகு வகுப்பில் பாதிப் பேருக்கு டிஸ்லெக்சியாவா?

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. என்னையும் சேர்த்து ஒன்பது ஆசிரியர்கள். சென்ற ஆண்டு நான்கு பேர் கற்றல் குறைபாடு பற்றிய ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். அதிலிருந்து, படிக்கத் திணறும் பிள்ளை யாராக இருந்தாலும் "அவனுக்கு டிஸ்லெக்சியா டீச்சர்" என்கிறார்கள். நான்காம் வகுப்பில் 28 பேரில் 11 பேருக்கு இருப்பதாகப் பட்டியலே வந்துவிட்டது. அதில் ஒரு பையன் வாய் ஓயாமல் கதை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி ஓடாது. தமிழ் ஐயா தினமும் அவனை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்கிறார், பழகினால் வந்துவிடும் என்று. எல்லா ஆசிரியர்களுக்கும் நானே பயிற்சி கொடுக்கலாமா என்று நினைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைக்கும். கையில் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது? யாராவது ஒருவரை மட்டும் பெரிய படிப்புக்கு அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியர் அவர்களுக்கு,

28 பேரில் 11 பேர் என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். இப்படிப்பட்ட ஒருநாள் பயிற்சிகளை நானும் பல வருடம் நடத்தியிருக்கிறேன். காலையில் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் குறைபாடு) என்றால் என்ன, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் வரும் குறைபாடு) என்றால் என்ன, மதியம் அறிகுறிகள், நாலு மணிக்கு டீ, வடை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. ஒருமுறை மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "எல்லாம் நல்லா இருந்துச்சு மேடம். திங்கக்கிழமை காலையில நான் போய் என்ன பண்ணணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெயர்களைத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். கையில் பெயர் இருந்தால் யார் மேலாவது ஒட்டத்தான் தோன்றும். உங்கள் ஆசிரியர்கள் செய்ததும் அதுதான், அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனவே உங்கள் முதல் சனிக்கிழமையில் புரொஜெக்டரும் வேண்டாம், டிஸ்லெக்சியா என்ற சொல்லும் வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் வகுப்பில் திணறும் இரண்டு பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வரட்டும். அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் வாசிப்பதைச் செல்போனில் பதிவு செய்தும் வரட்டும். (வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குள் அது போய்விடவே கூடாது.) சிவப்புப் பேனாவை ஓரமாக வைத்துவிட்டு, பிழைகளை ஒரு தாளுக்கு மாற்றி எழுதட்டும்: பிள்ளை எழுத நினைத்த சொல் இடப்பக்கம், எழுதிய சொல் வலப்பக்கம். இருபது சொல் போதும். அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இந்தப் பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று பேசட்டும்.

முதலில் கண்ணில் படுவது ர–ற, ல–ள–ழ, ன–ண–ந குழப்பமாகத்தான் இருக்கும். மரம் என்பதை மறம் என்று எழுதியிருப்பான். உங்கள் பட்டியலில் இருக்கும் 11 பேரில் பாதிப் பேர் இதனால்தான் உள்ளே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பேச்சில் ர–ற வேறுபாடு பெரும்பாலும் கிடையாது. ழகரம் பல மாவட்டங்களில் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. காதில் விழாத வேறுபாட்டை எழுத்தில் நினைவு வைத்துக்கொள்வது எல்லாப் பிள்ளைக்குமே மெதுவாக வரும் பழக்கம், பெரியவர்களுக்கே தடுமாறுகிறது. இதைக் குறைபாடு என்று எண்ணத் தொடங்கினால் ஊரில் பாதிப் பேருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் குவியலை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் உற்றுப் பார்க்க வேண்டியது. பால் என்பதைப் பல் என்று எழுதுவது, பட்டம் என்பதைப் படம் என்றோ புள்ளி இல்லாமல் பட்டம என்றோ எழுதுவது, கோழி கெழி ஆவது. இங்கே சறுக்குவது ஒலியைப் பிடிப்பதிலும், அதைக் குறியோடு கட்டுவதிலும். நான்காம் வகுப்பிலும் இது விடாமல் நடந்தால் கவலைப்படலாம். ஆனாலும் நம் எழுத்து முறையின் பாரத்தையும் ஆசிரியர்கள் உணர வேண்டும். கொ, கோ ஆகியவற்றில் உயிரொலி மெய்க்குப் பின்னால் ஒலிக்கிறது, குறியில் பாதியோ முன்னால் நிற்கிறது. உகரக் குறியைப் பாருங்கள்: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. உகர ஊகாரங்கள் அப்படியே நின்றுவிட்டன. 247 எழுத்தும் இரண்டாம் வகுப்பிலேயே கைவந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. நம்முடையதைப் போன்ற எழுத்து முறை உடைய கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகளிலும், எழுத்துகள் முழுதும் கைவர ஆங்கிலப் பிள்ளைகளைவிட அதிக காலம், நான்காம் வகுப்பு வரைகூட, பிடிப்பது தெரியவந்தது.

பயிற்சிகளில் காட்டும் அறிகுறிப் பட்டியல்களில் பல ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்தவை. ஆங்கில b எழுத்தை d என்று திருப்பிப் போடுவது அவற்றில் பெரிதாக இருக்கும். தமிழில் அப்படிக் கண்ணாடி பார்ப்பது போன்ற இணை எழுத்துகள் இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் டீச்சர் அதைத் தேடினால், உண்மையில் திணறும் பிள்ளை தப்பிவிடுவான்.

இனி ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். ப, ட், ட, ம் என்று எழுத்து எழுத்தாகச் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "பம்பரம்!" என்று முடிக்கும் பிள்ளை ஒருவன் கட்டாயம் இருப்பான். படத்தைப் பார்த்தோ முதல் எழுத்தை வைத்தோ ஊகிக்கிறான். நீங்கள் எழுதிய கதை சொல்லும் பையன் இந்த வகையோ என்று தோன்றுகிறது, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவனுக்கு மொழி இருக்கிறது, சொல்வளம் இருக்கிறது, எழுத்துக் கதவுதான் திறக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பிள்ளையும் உங்கள் பள்ளியில் இருப்பாள், அவளை யாரும் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். தடங்கலில்லாமல் வாசிப்பாள், கையெழுத்தும் அழகாக இருக்கும். "இந்தப் பத்தியில் என்ன நடந்தது?" என்று கேட்டால் ஏதாவது ஒரு வரியை அப்படியே திருப்பிப் படிப்பாள். நான்கு பேர் பேசும்போது சிரித்துக்கொண்டு நிற்பாள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயர் "அமைதியான பொண்ணு". காது, அறிவு எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு மொழியைப் புரிந்துகொள்வதிலும் வாக்கியம் கோப்பதிலும் நீங்காத சிரமம் இருப்பதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பள்ளிக்கு வரும் நூறு பிள்ளைகளில் சுமார் ஏழு பேருக்கு இது இருந்தது. அதே அளவில் பார்த்தால் உங்கள் 28 பேர் வகுப்பில் இரண்டு பேர். டிஸ்லெக்சியா என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. இதன் பெயரோ பல ஆசிரியர்களின் காதுக்கே எட்டவில்லை.

இருவரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதால் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். நீங்களே ஒரு பத்தியை வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். உங்கள் பையன் டக்கென்று பதில் சொல்லிவிடுவான், அந்தப் பெண்ணுக்கு அப்போதும் வராது. ஐந்து நிமிட வேலை, காசும் ஆகாது. யாருக்கு எழுத்து வேலை, யாருக்கு மொழி வேலை என்று இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையும், திருப்பூரில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையும் தமிழில் திணறுவது குறைபாடு ஆகாது. அம்மாவிடம் கேட்க வேண்டியது: வீட்டு மொழியில் இவன் அண்ணன் தம்பிகளைப் போலப் பேசுகிறானா? எந்த வயதில் பேசத் தொடங்கினான்? வீட்டு மொழியிலும் அதே சிரமம் என்றால்தான் நாம் யோசிக்க வேண்டும். தமிழே பேசும் வீட்டிலும் "வந்துச்சு", "சாப்ட்டான்" என்று எழுதுகிற பிள்ளை தன் மொழியைச் சரியாகத்தான் எழுதுகிறது. புத்தகத் தமிழ் அதற்குக் கிட்டத்தட்ட இன்னொரு மொழி. ஆனால் எட்டு வயதில் "நேத்து நான் போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அது எந்த வட்டார வழக்கிலும் கிடையாது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை ஒலிக்கு. க் + அ = க என்று உயிர்மெய் அட்டவணை எழுத வைக்காத தமிழ்ப் பள்ளி கிடையாது. உலகின் பல மொழிகளில் ஆசிரியர்கள் மெனக்கெட்டுச் சொல்லித்தரும் ஒலி இணைப்பு நம் அட்டவணையிலேயே இருக்கிறது. நாம்தான் அதை வாய் திறக்காமல் பார்த்து எழுதும் வேலையாக்கிவிட்டோம். அதை வாய்க்கும் காதுக்கும் திரும்பக் கொண்டுவாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, "கடல்ல முதல் எழுத்தை எடுத்துட்டு ம போட்டா என்ன வரும்?" "மடல்!" "படத்தை நீட்டிச் சொல்லு." "பாடம்!" விடு–வீடு, கல்–கால், வடை–வாடை. தினமும் பத்து நிமிடம். ஆசிரியர்களே முதலில் ஒருவரோடொருவர் விளையாடிப் பார்க்கட்டும். க் என்ற ஒலியைத் தனியே சொல்லச் சொன்னால் சிலர் "க", "க்கு" என்பார்கள். அதைத் திருத்துவதும் பயிற்சிதான்.

அப்புறம் எழுத்துக்கு வரும்போது, ஒரு குறியைச் சொல்லிக்கொடுத்து, அந்தக் குறியும் ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளும் மட்டுமே வரும் சொற்களை வாசிக்க வைத்து, அது தடங்கலில்லாமல் வந்த பிறகே அடுத்த குறி. மணலில் எழுதுவது, நெல்லில் எழுதுவது எல்லாம் நம் திண்ணைப் பள்ளிக் காலத்துப் பழக்கம். இன்றைய சிறப்புக் கல்விப் பயிற்சிகளிலும் மணல் தட்டு தவறாமல் வரும். தாராளமாகச் செய்யலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மணல்தான் மருந்து என்று ஆசிரியர்கள் நினைத்துவிட வேண்டாம். தட்டு வாங்கிவிட்டு வரிசையை விட்டுவிட்ட பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த அமைதியான பெண்ணுக்காக. இங்கே மாற வேண்டியது ஆசிரியரின் பேச்சு. ஓர் ஆசிரியர் தன் வகுப்பைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து தானே கேட்டுப் பார்த்தால் போதும், பாதிப் பயிற்சி முடிந்தது. "நோட்டை எடுத்து, தேதி போட்டு, 42-ஆம் பக்கத்துல இருக்கிற கேள்விக்கு விடை எழுதிட்டு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்துத் திருத்தச் சொல்லு." ஒரே மூச்சில் நான்கைந்து வேலை. அந்தப் பெண் நோட்டை எடுத்துவிட்டு அடுத்தவளைப் பார்ப்பாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கவனித்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்றால் கொஞ்ச நேரம்தானே என்று தோன்றும். வகுப்பில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பிள்ளை "நேத்து நான் கடைக்குப் போறேன்" என்றால், "தப்பு, திருப்பிச் சொல்லு" என்னாமல், "ஓ, நேத்து கடைக்குப் போனியா? என்ன வாங்கின?" என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துக் கொடுக்கலாம். பாடம் தொடங்கும் முன்பே அதிலுள்ள நான்கு புதுச் சொற்களைப் பேச்சில் புழங்கவிடலாம். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களும் இந்தச் சனிக்கிழமையில் இருக்க வேண்டும். 'ஆவியாதல்' என்ற சொல் புரியாத பிள்ளை அறிவியலில் மக்கு என்று பெயர் வாங்குவதை நிறையப் பார்த்தாயிற்று.

மூன்று சனிக்கிழமையில் முடிந்துவிடுமா என்றால், முடியாது. ஆசிரியர் பயிற்சி பற்றி ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இதுதான்: விளக்கிச் சொல்வதும், செய்து காட்டுவதும், பழக விடுவதும்கூட வகுப்பறைக்குள் பெரிதாகப் போய்ச் சேருவதில்லை; சக ஆசிரியரோ வழிகாட்டியோ வகுப்புக்கே வந்து கூட நின்றால்தான் பழக்கம் மாறுகிறது. தலைமையாசிரியராக உங்களால் கொடுக்க முடிகிற பெரிய உதவியும் இதுவே. வாரம் ஒரு வகுப்பு, பதினைந்து நிமிடம், கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பார்வைப் பதிவேட்டில் எதுவும் எழுதாதீர்கள். இன்னும் நல்லது, மூன்றாம் வகுப்பு டீச்சர் பாடம் எடுக்கும்போது நான்காம் வகுப்பு டீச்சர் போய்ப் பார்க்கட்டும், அந்த நேரம் அவர் வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவர் இளையவரின் வகுப்பைப் பார்க்கப் போகத் தயங்குவார். முதலில் உங்கள் வகுப்பைப் பார்க்க அவர்களைக் கூப்பிடுங்கள்.

"எமிஸில் ஏற்றுவதற்கே நேரம் போதவில்லை, இதில் இது வேறயா?" என்று, கல்வித்துறையின் இணையப் பதிவேட்டைச் சொல்லி, ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கென்று புதிதாக ஒரு பதிவேடும் திறக்காதீர்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறீர்கள், அதையே பயன்படுத்தலாம். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு எட்டு வாரம், தினமும் இருபது நிமிடம், மேலே சொன்ன வேலை. நகர்ந்துவிட்டால், அவனுக்கு வேண்டியிருந்தது சொல்லிக்கொடுப்பதுதான். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் நகராத பிள்ளை ஒன்றிரண்டு பேர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் வெளியே பேச வேண்டும். உங்கள் 11 எவ்வளவாகக் குறையும் என்று எனக்கும் ஆவலாக இருக்கிறது.

அந்த ஒன்றிரண்டு பேருக்கு முதலில் கண்ணும் காதும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் பாதிப் பேச்சு கேட்காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டிவிடுங்கள். அடுத்து, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். அவரிடம் நோட்டுகளையும் எட்டு வாரக் குறிப்பையும் கொடுத்தால், வெறும் "படிக்க மாட்டேங்கிறான்" என்பதைவிட அவருக்கு அது பத்து மடங்கு உதவும். பெயர் வைப்பது பரிசோதிக்கத் தகுதி பெற்றவர்களின் வேலை. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருவது எட்டு வயதுக்குப் பிறகுதான். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில்தான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், பேச்சு மொழிக் குறைபாடும் சேர்ந்தன. உங்கள் மூத்த ஆசிரியர்கள் பயிற்சி முடித்து வந்த காலத்தில் சட்டத்திலேயே இல்லாத விஷயம் என்பதையும் நினைவில் வையுங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுவதற்குப் பதில் நடுநிலைப் பள்ளியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரில் தொடங்காமல் நோட்டைத் திறந்து காட்டித் தொடங்குங்கள்.

ஒருவரைப் படிப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். விருப்பமுள்ள இளம் ஆசிரியர் இருந்தால் அனுப்புங்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சிகள் நடத்துகிறது. சிறப்புக் கல்வியில் பி.எட். போன்ற நீண்ட படிப்பு என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கருத்து, அதை இரண்டாவது வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். முதலிலேயே அனுப்பினால், அவர் திரும்பி வந்ததும் "டிஸ்லெக்சியா டீச்சர்" ஆகிவிடுவார். மற்ற எட்டுப் பேரும் தங்கள் பிள்ளைகளை அவர் அறைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

கடைசியாக, தமிழ் ஐயா. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பையன் தேறவேண்டும் என்றுதான் நிறுத்துகிறார். வகுப்பே பார்க்கும்போது ஊகித்துச் சொல்லும் பழக்கம்தான் அவனிடம் வலுவாகிறது. வாசிக்க வைப்பதை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்ல வேண்டாம், ஐயாவுக்கு மனம் கோணும், பையனுக்கும் "இவன் கேஸ் வேற" என்று தோன்றிவிடும். நாளை வாசிக்கப் போகும் மூன்று வரியை இன்று மாலையே அவனிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் அக்காவோடு நாலு முறை படித்துவிட்டு வரட்டும். கதையை அவன் வாயால் சொல்லச் சொல்லி, ஐயாவே அதைக் கரும்பலகையில் எழுதி, அதையே வாசிக்க வைத்தும் பார்க்கலாம். சொற்கள் அவனுடையவை என்பதால் ஊகமும் வாசிப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். ஐயா அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டலாம்.

முதல் சனிக்கிழமை முடிந்ததும் எழுதுங்கள். ர–ற குவியலை எடுத்து ஓரம் வைத்தபின் அந்தப் பட்டியலில் எத்தனை பெயர் மிச்சமிருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.